பி-17 விமானத்தில் 25,000 அடி உயரம்: குளிரும் ஆக்ஸிஜனும் குழுவினரை என்ன செய்தன?

இந்தத் தலைப்புக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜெர்மனி மீது பகலில் குண்டு வீசிய அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானக் குழுவினரை எதிரியின் தோட்டாவைவிடக் குளிர்தான் அதிகம் வீழ்த்தியது என்பது உண்மையா? ஆக்ஸிஜன் குழாய் கழன்றால் எவ்வளவு நேரம் தாங்கும்? விமானத்தை மூடி உள்ளே காற்றழுத்தம் கொடுத்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இறந்தவர் கணக்கில் அது உண்மையில்லை; மருத்துவமனைக்குப் போனவர் கணக்கில், ஒரு காலகட்டம் வரை, உண்மை. இந்தக் குழுவினர் சேர்ந்திருந்த அமெரிக்க எட்டாவது விமானப்படை போர் முடிவதற்குள் 26,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் ஜெர்மன் போர்விமானங்களும், மோதல்களும் விபத்துகளும்தான். ஆனால் 1942 ஆகஸ்ட் 17 அன்று பிரான்சின் ரூவான் நகரத்து ரயில் யார்டு மீது 12 பி-17 விமானங்கள் நடத்திய முதல் தாக்குதல் தொடங்கி 1943 முடியும் வரையிலான காலத்தில், திரும்பி வந்து பறக்க முடியாமல் விலக்கி வைக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், குண்டுக் காயம் பட்டவர்களைவிடப் பனிக்கடிபட்டவர்களே, அதாவது குளிரில் தோலும் சதையும் உறைந்தவர்களே அதிகம்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. குளிரையும் ஆக்ஸிஜனையும் இரண்டு தனித்தனி ஆபத்துகளாக எழுதிவிடுகிறார்கள். விமானத்துக்குள் அவை ஒன்றை ஒன்று இழுத்துவந்தன. மூச்சிலுள்ள ஈரம் ஆக்ஸிஜன் மாஸ்க்கில் உறையும், அதை உடைக்கக் கையுறையைக் கழற்றுவார்கள், கை உறையும், உறைந்த கையால் குழாயைத் திரும்ப மாட்ட முடியாது, மயக்கம் வரும், மயங்கியவரின் வெறுங்கை திறந்த ஜன்னல் பக்கம் கிடக்கும். மருத்துவ அறிக்கையில் அது பனிக்கடி என்று பதிவாகும். தொடங்கி வைத்தது மாஸ்க்.

அந்த உயரத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 18,000 அடியில் அது பாதி. 25,000 அடியில் சுமார் 280, அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் மாறுவதில்லை. அதை ரத்தத்துக்குள் தள்ளும் அழுத்தம்தான் போய்விடுகிறது. அந்த உயரத்தின் சராசரி வெப்பநிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸ். ஐரோப்பியக் குளிர்காலத்தில் மைனஸ் 40, மைனஸ் 50 வரை சாதாரணமாக இறங்கும். வேகமானியில் 150 மைல் காட்டும்போது அந்த மெல்லிய காற்றில் விமானத்தின் உண்மை வேகம் மணிக்கு 220 மைலுக்கு மேல். பி-17இன் இடுப்புப் பகுதியில் இருபுறமும் இருந்த துப்பாக்கி ஜன்னல்கள் ஆரம்ப மாடல்களில் முழுக்கத் திறந்தவை. அவ்வளவு வேகத்தில் மைனஸ் 40 டிகிரிக் காற்று அதன் வழியே உள்ளே வீசிக்கொண்டிருக்க, இரண்டு பேர் மணிக்கணக்கில் நின்றபடி துப்பாக்கி பிடித்திருந்தார்கள்.

குழுவில் பத்துப் பேர்: விமானி, துணை விமானி, நேவிகேட்டர், குண்டு வீசுபவர், மேல் டரட்டை (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினீயர், ரேடியோ ஆபரேட்டர், அடிவயிற்றுப் பந்து டரட்டில் ஒருவர், இரு ஜன்னல்களிலும் ஒவ்வொருவர், வாலில் ஒருவர். போரின் பிற்பகுதியில் ஜன்னல் வீரர் ஒருவராகக் குறைந்து ஒன்பது பேரானார்கள். முன்பகுதிக்குக் கொஞ்சம் வெப்பக் காற்று போகும், அதுவும் போதாது. பின்பகுதிக்கு அதுவும் இல்லை. பனிக்கடி பட்டியலில் ஜன்னல் வீரர்களும் வால் வீரரும் முன்னால் நின்றதற்கு இதுவே காரணம். வால் வீரர் சைக்கிள் சீட் போன்ற ஒரு சிறு இருக்கையில், முழங்காலை மடக்கி ஊன்றியபடி மணிக்கணக்கில் இருக்க வேண்டும். காலுக்கு ரத்த ஓட்டம் தடைப்படுவதால் குளிர் அங்கே சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இனி இரண்டாவது கேள்வி. ஆக்ஸிஜன் நின்ற பிறகு ஒருவர் புத்தி தெளிவோடு ஏதாவது செய்யக்கூடிய நேரம் 22,000 அடியில் 5 முதல் 10 நிமிடம். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம். 30,000 அடியில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். இவை சும்மா உட்கார்ந்திருப்பவருக்கான கணக்கு. துப்பாக்கியைத் திருப்புபவருக்கும், தோட்டாப் பெட்டி தூக்குபவருக்கும் இதைவிடக் குறைவு.

நேரம் குறைவு என்பதைவிட மோசமானது, அது வருவது தெரியாமல் போவது. நீருக்குள் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வது. உயரத்தில் மூச்சு தடையில்லாமல் ஓடுகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது, அதனால் உடல் எச்சரிப்பதில்லை. மாறாக ஒரு தெம்பும் மிதப்பும் வரும். நகம் நீலமாகும், பார்வை ஓரங்களில் மங்கும், எளிய கூட்டல் தப்பும். அவரைக் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். இதைப் புரியவைக்கத்தான் பயிற்சியில் எல்லோரையும் அழுத்தம் குறைந்த அறைக்குள் உட்காரவைத்து, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, தன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். நாலாவது ஐந்தாவது வரியில் எழுத்து கோணும், பிறகு கிறுக்கலாகும். மாஸ்க் மாட்டித் தெளிந்த பிறகு தாளைக் காட்டினால், நன்றாகத்தானே எழுதினேன் என்று நினைத்திருந்தவர் அதிர்ந்துபோவார். எந்தச் சொற்பொழிவையும்விட இந்தத் தாள் அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஆரம்பகாலக் கருவி தொடர்ந்து ஆக்ஸிஜன் பாயும் வகை. ஏ-8 மாஸ்க்கின் கீழே ஒரு ரப்பர் பை தொங்கும். வெளிவிட்ட மூச்சில் ஒரு பகுதி அதில் சேர்ந்து திரும்ப உள்ளே போகும். அதிலுள்ள ஈரம் பையிலேயே உறைந்து அடைத்துவிடும். அடுத்து வந்த டிமாண்ட் வகை, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கும் ரெகுலேட்டர் கொண்டது. ஏ-12 ரெகுலேட்டருக்குள் உயரத்துக்கேற்ப விரியும் ஒரு அனிராய்டு உறை உண்டு. கீழே இருக்கும்போது வெளிக்காற்றை நிறையக் கலந்து கொடுக்கும். மேலே போகப்போகக் காற்றைக் குறைத்து, 30,000 அடியைத் தாண்டும்போது கிட்டத்தட்ட சுத்த ஆக்ஸிஜனுக்கு வந்துவிடும். இந்தக் கலப்பு வேலைக்கு ஆட்டோ-மிக்ஸ் நெம்புகோல் ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும். ‘ஆஃப்’ செய்தால் எந்த உயரத்திலும் நூறு சதவீத ஆக்ஸிஜன் வரும். காயம்பட்டவருக்கும் மயங்கித் தெளிந்தவருக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள். இன்னொரு எமர்ஜென்சி திருகும் உண்டு. அதைத் திறந்தால் ரெகுலேட்டரின் கட்டுப்பாடு இல்லாமல் ஆக்ஸிஜன் நேராகக் கொட்டும். பதற்றத்தில் அதைத் திறந்து மூட மறந்தால், அந்த வரிசையில் உள்ள சிலிண்டர்கள் சீக்கிரம் காலியாகி மற்றவர்களுக்கும் இல்லாமல் போகும்.

சிலிண்டர்கள் மஞ்சள் நிறத்தவை, குறைந்த அழுத்தம் கொண்டவை: நிரப்பும்போது சதுர அங்குலத்துக்கு 400 முதல் 425 பவுண்டு. உயர் அழுத்த சிலிண்டரில் தோட்டா பாய்ந்தால் அது சிதறி ஆளைக் கொல்லும். இவை பெரும்பாலும் துளைபட்டுக் காற்றிறங்குவதோடு நின்றுவிடும். எடையும் இடமும் அதிகம் பிடித்தாலும் இவற்றைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஓரிடத்தில் அடிபட்டால் எல்லோருக்கும் போகாதபடி விமானத்தின் ஆக்ஸிஜன் அமைப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்தும் வைத்திருந்தார்கள்.

இந்தப் பிரிவு நடைமுறையில் என்ன செய்தது என்பதை 1943 ஜூலை இறுதியில் ஹனோவர் தாக்குதலுக்குப் போன ஒரு பி-17இல் பார்க்கலாம். போர்விமானத் தாக்குதலில் விமானி ராபர்ட் கேம்பெலின் தலையில் படுகாயம். நினைவு தடுமாறிய அவர் கட்டுப்பாட்டுத் தண்டின் மீது சரிந்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார். துணை விமானி ஜான் மார்கன் ஒரு கையால் அவரைத் தடுத்து, மறு கையால் விமானத்தை இரண்டு மணி நேரம் அணியிலேயே ஓட்டினார். வால், இடுப்பு, ரேடியோ பகுதிகளுக்கான ஆக்ஸிஜன் அறுபட்டிருந்தது, குழுவினர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இன்டர்காமும் போயிருந்தது. பின்னாலிருந்த துப்பாக்கிகள் ஏதும் சுடாததால் அவர்கள் குதித்துவிட்டார்கள் என்று மார்கன் நினைத்தார். உண்மையில் அவர்கள் ஆக்ஸிஜன் இல்லாமல் மயங்கிக் கிடந்தார்கள். முன்பகுதிக்கு ஆக்ஸிஜன் வந்துகொண்டிருந்ததால்தான் விமானமே மிஞ்சியது. மேல் டரட்டில் இருந்த வீரருக்குத் தோளோடு கை போய்விட்டது, கட்டுப்போடவே இடமில்லை. இங்கிலாந்து மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்தது. நேவிகேட்டர் அவருடைய பாராசூட்டைச் சரிசெய்து ஜெர்மனி மண் மீதே அவரை வெளியே தள்ளிவிட்டார். ஜெர்மானியர்கள் கண்டெடுத்துச் சிகிச்சை கொடுத்தார்கள், அவர் பிழைத்தார். குளிரும் தூரமும் என்ன செய்யும் என்று கணக்குப்போட்டு எடுத்த துணிச்சலான முடிவு அது. மார்கனுக்கு அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது. கேம்பெல் தரையிறங்கிய சிறிது நேரத்தில் இறந்துபோனார்.

அடிபடாத விமானத்திலும் ஆக்ஸிஜன் தவறிய வழிகள் பல. ரெகுலேட்டர் குழாயும் மாஸ்க் குழாயும் சேரும் இடம் இழுத்தால் கழலும்படி செய்யப்பட்டிருந்தது. அவசரத்தில் எழுந்தால் கழலட்டும் என்பதற்காக. அதே காரணத்தால் ஜன்னலில் திரும்பித் திரும்பிச் சுடுபவருக்கு அது தெரியாமலே கழன்றுவிடும். குழாயை உடையோடு கிளிப் போட்டுப் பிடித்துவைப்பது கட்டாயமானது இதனால்தான். முகத்தில் ஒரு நாள் தாடி இருந்தால்கூட மாஸ்க்கின் விளிம்பு சரியாக ஒட்டாது. வெளிக்காற்று கசிந்து உள்ளே வரும், ஆக்ஸிஜன் நீர்த்துப்போகும், கசிந்த இடத்தில் தோலும் உறையும். அதிகாலை இருட்டில் எழுப்பியதும் முதல் வேலையாக எல்லோரும் முகம் மழித்தது இதற்காக. வயிற்றைப் புரட்டி மாஸ்க்குக்குள்ளேயே வாந்தி எடுத்தால் அது வால்வில் உறைந்து அடைக்கும். டிமாண்ட் வகைக்கான ஏ-14 மாஸ்க் வந்த பிறகும் மூச்சு உள்ளே போகும் துளைகளில் பனி சேர்ந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மாஸ்க்கைக் கையால் பிசைந்து பனியை நொறுக்க வேண்டும். உறைந்து கெட்டியாகும் வரை விட்டால் பிசைந்தும் பயனில்லை.

புறப்படும் முன் செய்ய வேண்டிய சோதனை எளிமையானது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடி மூச்சை இழுக்க வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி அமுங்கினால் கசிவில்லை. ரெகுலேட்டர் குழாயில் மெல்ல ஊத வேண்டும். எதிர்ப்பு தெரிந்தால் உள்ளே உள்ள சவ்வு சரி, காற்று தாராளமாகப் போனால் கிழிந்திருக்கிறது. இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். 10,000 அடியில் மாஸ்க் போட்டாக வேண்டும். ரெகுலேட்டரின் அருகே கண் இமைபோல் திறந்து மூடும் ஒரு காட்டி உண்டு; ஒவ்வொரு மூச்சுக்கும் அது இமைக்க வேண்டும். ஆனால் எதிரி விமானத்தைத் தேடுபவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் உயிரைக் காத்த கருவிகளில் இன்டர்காமையே முதலில் வைப்பேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை துணை விமானியோ குண்டு வீசுபவரோ வாலிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அழைப்பார். பதில் வராவிட்டால் பக்கத்திலிருப்பவர் உடனே போய்ப் பார்க்க வேண்டும். அழைப்புகளுக்கிடையே இருக்கும் இடைவெளியே மயங்கியவருக்குக் கிடைக்கும் காலக்கெடு. 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம்தான் என்கிறபோது, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அழைத்த குழுவும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்த குழுவும் சமமான ஆபத்தில் இருக்கவில்லை.

போய்ப் பார்ப்பவருக்கும் ஆபத்து உண்டு. இடம்விட்டு நகரும்போது கையில் எடுத்துச்செல்லும் சிறு குப்பி சில நிமிடங்களுக்கு மட்டுமே வரும். கனத்த உடையோடு, ஆடும் விமானத்தில், ஒரு முழு மனிதனைப் புரட்டி இழுப்பவர் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் அதைத் தீர்த்துவிடுவார். காப்பாற்றப் போனவரும் அவர் மேலேயே மயங்கி விழுந்த சம்பவங்கள் உண்டு. சரியான முறை: குப்பியை நிரப்பிக்கொண்டு கிளம்பு, போய்ச் சேர்ந்ததும் முதலில் உன் குழாயை அங்குள்ள ரெகுலேட்டரில் மாட்டு, பிறகு அவரைத் தொடு. ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்க்கும்போது இந்த வரிசையை மறக்காமலிருப்பது கடினம்.

மின்சாரத்தால் சூடாகும் உடையைப் பற்றிச் சொல்லாமல் குளிரைப் பற்றிப் பேச முடியாது. விமானத்தின் 24 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய எஃப்-1 உடையில் கம்பிகள் தொடரிணைப்பில் இருந்தன. ஒரு கையுறையில் விரல் மடங்கும் இடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுக்கச் செத்துவிடும். பின்னால் வந்த எஃப்-3 போன்ற உடைகளில் பக்க இணைப்பு. ஒரு பகுதி போனாலும் மற்றவை சூடு தரும். ஒரு மின்சுற்றை மாற்றியதில் எத்தனை விரல்கள் பிழைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு இடத்திலும் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் திருகு ஒன்று உண்டு. அதைக் கூட்டிவைத்தால் வியர்க்கும், வியர்வை நின்றதும் உறையும். குறைவாக வைத்து, நடுக்கம் வரும் முன் கொஞ்சம் கூட்டுவதே முறை. தரையில் முழு உடையோடு காத்திருந்து வியர்த்து ஏறியவர்களும், மழையில் நனைந்த பூட்ஸோடு ஏறியவர்களும் மேலே போய்க் கால்விரலை இழந்தார்கள். அதனால் கடைசி நிமிடத்தில் உலர்ந்த காலுறை மாற்றிக்கொண்டு ஏறச் சொன்னார்கள்.

கையுறைக்குள் மெல்லிய பட்டுக் கையுறை ஒன்று இருக்கும். துப்பாக்கி அடைத்துக்கொண்டால் கனத்த கையுறையால் சரிசெய்ய முடியாது. பட்டுக் கையுறையோடு தொட வேண்டும். வெறும் விரலால் தொட்டால் தோல் உலோகத்தோடு ஒட்டி உரிந்துவரும். துப்பாக்கி அடைத்துக்கொள்வதற்கும் பெரும்பாலும் குளிரே காரணம். எண்ணெய் கெட்டியாகி இயங்குபாகங்களை இழுத்துப் பிடிக்கும். ஆகவே பாயிண்ட் 50 பிரௌனிங் துப்பாக்கிகளைக் கிட்டத்தட்ட எண்ணெயில்லாமல் துடைத்துவைத்தார்கள். எஞ்சினும் தப்பவில்லை. பி-17எஃப் விமானத்தில், மெல்லிய காற்றை அழுத்தி எஞ்சினுக்குக் கொடுக்கும் டர்போ சூப்பர்சார்ஜரைக் கட்டுப்படுத்தியது எண்ணெய். அது உறைந்தால் டர்போ கட்டுமீறிச் சுழலும். பிந்தைய பி-17ஜி விமானங்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வந்து அது தீர்ந்தது.

சிறுநீர் கழிக்கும் குழாய் உறைந்து அடைத்துவிடும். வேறு வழியில்லாமல் உடைக்குள்ளேயே போனவர்களுக்கு மின்கம்பிகள் நனைந்து உடை கெடும், நனைந்த இடம் உறையும். பலர் கிளம்பும் முன் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் உணவுக்கும் தடை இருந்தது. அந்த உயரத்தில் குடல் வாயு மூன்று மடங்குக்கு நெருக்கமாக விரியும்.

காயம்பட்டவருக்குச் சிகிச்சை தருவதும் குளிரோடு போராட்டம்தான். வலி தணிக்கும் மார்ஃபின் குழல் உறைந்திருக்கும். வாயிலோ அக்குளிலோ வைத்து இளக்கிய பிறகே ஊசி ஏறும். காயத்தைப் பார்க்க உடையை வெட்டித் திறந்தால் திறந்த இடம் உறையும், உடையின் கம்பியும் அறுபடும். உறைந்த விரலைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் செத்த திசுவோடு உயிருள்ளதும் கிழியும். இதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் பனியால் தேய் என்ற பழைய வைத்தியம் எல்லோர் மனத்திலும் பதிந்திருந்தது.

1944இல் நிலைமை தேறியது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்ட பி-17ஜி வந்தது, நல்ல உடைகள் போதுமான அளவில் வந்தன, ஒவ்வொரு படைப்பிரிவிலும் இந்தக் கருவிகளுக்கென்றே தனி அதிகாரி வந்தார். இந்தக் கடைசி விஷயத்துக்குப் போர் வரலாறுகளில் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் மாஸ்க்கை அளவெடுத்துப் பொருத்தியதும், கிழிந்த கையுறையை மீட்டர் வைத்துச் சோதித்து விலக்கியதும் அவர்கள்தான்.

மூன்றாவது கேள்வி, ஏன் மூடி அழுத்தம் கொடுக்கவில்லை? துப்பாக்கிதான் காரணம். கையால் திருப்பிச் சுடும் துப்பாக்கிக்கு விமானத்தில் ஓட்டை வேண்டும். ஓட்டையுள்ள உடலில் அழுத்தம் நிற்காது. பி-17 வடிவமைக்கப்பட்டது 1930களின் நடுவில். பெரிய விமானத்தின் உடலை அழுத்தம் தாங்கும்படி கட்டும் அனுபவம் அப்போது அரிது. பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் அதே கதை. இரவில் பறந்த அதன் பின் டரட் வீரர்கள் இருட்டில் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று முன்னாலிருந்த பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) பலகையையே கழற்றிவிட்டு, அந்தக் குளிரை நேராக வாங்கிக்கொண்டார்கள்.

1944 ஜூனில் போருக்கு வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானம் இந்த முடிச்சை அவிழ்த்தது. துப்பாக்கிகளை ஆளில்லாத டரட்டுகளில் வைத்து, கண்ணாடிக் குமிழ்களுக்குப் பின்னால் அமர்ந்த வீரர்கள் தூரத்திலிருந்தே இயக்கினார்கள். அதனால் குழுவினர் இருக்கும் பகுதியை மூட முடிந்தது. விமானம் 30,000 அடியில் பறந்தாலும் உள்ளே 8,000 அடியின் அழுத்தம். முன் அறையையும் பின் அறையையும் குண்டு அறைகளுக்கு மேலே ஒரு சுரங்கப்பாதை இணைத்தது. ஆனால் குமிழ் உடைந்தால் அழுத்தம் ஒரே நொடியில் வெளியே பாயும், பக்கத்திலிருப்பவரையும் சேர்த்து இழுக்கும். 1945 ஜனவரியில் ஜப்பானின் நகோயா மீது ஒரு வீரர் அப்படி வெளியே உறிஞ்சப்பட்டு, தான் கட்டியிருந்த வாரில் தொங்கி, சகாக்களால் உள்ளே இழுக்கப்பட்டுப் பிழைத்தார். அதனால் இலக்கை நெருங்கும்போது உள்ளழுத்தத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்வதும், மாஸ்க்கைத் தயாராக வைப்பதும் பி-29இலும் தொடர்ந்தன.